தினமும் ஓட்டும் காருக்கு லாஞ்ச் கன்ட்ரோல், ஸ்போர்ட் மோட், பேடில் ஷிஃப்டர் எல்லாம் தேவைதானா?

கேள்வி இதுதான்: லாஞ்ச் கன்ட்ரோல், ஸ்போர்ட் மோட், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் பேடில்கள், நிலைமைக்கு ஏற்ப இறுகித் தளரும் சஸ்பென்ஷன் என்று பந்தயக் களத்தின் சாயலோடு வரும் வசதிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே மட்டும் ஓட்டுகிறவருக்குப் பயன் தருமா?

பாதிக்கு மேற்பட்டவை பயன் தராது என்பதே என் பதில். ஆனால் பயன் தருகிற சில, பலரும் எண்ணுவதைவிட மிக அதிகமாகப் பயன் தரும். இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வேன். அந்த வசதி வேலை செய்ய நான் முன்கூட்டியே முடிவெடுத்து எதையாவது அழுத்தியாக வேண்டுமா, அல்லது நான் எதிர்பாராத நேரத்திலும், சாதாரண வேகத்திலும், இன்னும் சூடேறாத டயரோடும் பிரேக்கோடும் அது தன் வேலையைச் செய்துவிடுமா? முதல் வகையை அன்றாடக் காரில் பயன்படுத்தும் வாய்ப்பு அநேகமாக வருவதே இல்லை. இரண்டாம் வகை ஒவ்வொரு நாளும் உழைக்கும்.

லாஞ்ச் கன்ட்ரோலை எடுத்துக்கொள்வோம். இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது காலால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால், கணினி என்ஜினின் சுழற்சியைக் குறிப்பிட்ட ஓர் அளவில் நிறுத்தி வைக்கும். பிரேக்கை விட்டதும், கிளட்ச் எவ்வளவு வழுக்க வேண்டும், சக்கரம் எவ்வளவு சுழலலாம் என்பதையெல்லாம் அதுவே கணக்கிட்டு, மனிதக் கால்களுக்கு எளிதில் கைவராத நேர்த்தியோடு வண்டியைக் கிளப்பிவிடும். பொறியியல் என்ற அளவில் இது உயர்ந்த வேலை, அதில் ஐயமில்லை. ஆனால் பொதுச் சாலையில் இதற்கு இடம் எங்கே இருக்கிறது? பச்சை விளக்கு விழுந்த நொடியில் சாலையைக் கடந்து முடிக்காத ஒருவராவது எதிரில் இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் பொறுப்புள்ள எவரும் வண்டியை எடுப்பார். மேலும், அந்தச் சில விநாடிகளில் கிளட்ச் தட்டுகளில் உண்டாகும் வெப்பம் சாதாரண ஓட்டத்தில் உண்டாவதைவிடப் பன்மடங்கு அதிகம். அதனால்தான் பல கார்களில், சூடு தணியும் வரை அடுத்த முறை இதைப் பயன்படுத்த மென்பொருளே அனுமதிப்பதில்லை. எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்பதைப் பதிவு செய்துவைக்கும் கார்களும் உண்டு.

விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தைத்தான் லாஞ்ச் கன்ட்ரோல் குறைக்கிறது. சாலையில் நமக்கு உண்மையில் தேவைப்படுவது மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100 வரை தயக்கமின்றி ஏறும் இழுவை. ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது எதிர்ப்பக்கத்தில் நாம் இருக்கும் நேரத்தைக் குறைப்பது அதுதான். அதற்கு லாஞ்ச் கன்ட்ரோலால் ஒரு பயனும் இல்லை. காரை ஒப்பிடுகிறவர்கள் இந்த நடுத்தர வேக இழுவையைக் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

ஸ்போர்ட் மோட் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரும்பாலான அன்றாடக் கார்களில் அந்தப் பொத்தானை அழுத்துவதால் என்ஜினின் திறன் கூடுவதில்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் என்ஜின் எவ்வளவு பதிலளிக்க வேண்டும் என்ற கணக்குதான் மாறுகிறது. சாதாரண நிலையில் பெடலைப் பாதி மிதித்தால் கிடைப்பது, ஸ்போர்ட் நிலையில் கால்பங்கு மிதித்தாலே கிடைத்துவிடும். முழுக்க மிதித்தால் இரண்டிலும் கிடைப்பது ஒன்றே. இந்த மாற்றத்தை வேகம் கூடியதாக உணர்வது நம் கால்தான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இதே கணக்கு தொல்லையாகவும் மாறிவிடும், ஏனெனில் மெல்லத் தொட்டாலே வண்டி துள்ளும். தானியங்கி கியர் உள்ள காரில் இந்த மோட் குறைந்த கியரைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்துவைப்பதை மட்டும் நான் பயனுள்ளதாகக் கருதுகிறேன். ஓவர்டேக் செய்யத் தொடங்கும் முன் அது கைகொடுக்கும்.

அதே பொத்தான் ஸ்டீயரிங்கைக் கனமாக்குவதையும் பலர் ஸ்டீயரிங் உணர்வு கூடியதாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்மோட்டார் தரும் உதவி குறைகிறது, அவ்வளவுதான். முன்சக்கரம் சாலையில் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்கு முன்னைவிடத் தெளிவாக வந்துவிடுவதில்லை. ஒலிபெருக்கி வழியாகப் பெரிதுபடுத்தப்படும் என்ஜின் ஓசை, வண்டி வேகமெடுக்கும்போதும் திரும்பும்போதும் நம் மேல் விழும் விசையைத் திரையில் காட்டும் ஜி-விசை மானி, பந்தயச் சுற்றின் நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்காகவே கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், ஓட்டும்போது கண்ணை அவற்றின் பக்கம் திருப்பவும் வேண்டாம்.

பேடில் ஷிஃப்டர் விஷயத்தில் என் கருத்து வேறு. 1989-இல் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற ஃபெராரி 640 காரில்தான் இது ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் வெற்றியைக் கண்டது; 1997-இல் எஃப்355 மூலம் ஃபெராரியின் சாலைக் கார்களுக்கும் வந்தது. ஆயினும் அன்றாடக் காரில் இதன் மதிப்பு வேகத்தில் இல்லை, மலை இறக்கத்தில் இருக்கிறது. தானியங்கி காரில் நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸ் எரிபொருளைச் சேமிக்க உயர்ந்த கியரிலேயே இருக்கப் பார்க்கும். வண்டி தானாக வேகமெடுக்கும். கால் பிரேக்கிலேயே கிடக்கும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமிடத்தில் நான் இடப்புறப் பேடிலை இரண்டு முறை இழுத்துவிடுவேன். என்ஜினின் குரல் சட்டென்று உயரும், முன்பக்கம் லேசாக அழுந்தும், அதன் பிறகு வண்டியைப் பிடித்துவைக்கும் வேலையை என்ஜினே பார்த்துக்கொள்ளும். முன்னால் செல்லும் வண்டிகளிலிருந்து பிரேக் கருகும் வாடை வரும் இடங்களில்கூட என் பெடல் முதல் வளைவில் இருந்த அதே உறுதியோடு இருக்கும். பேடில் இல்லாத காரில் கியர் லீவரின் மேனுவல் நிலையைக் கொண்டு இதையே செய்யலாம் என்பதால், பேடிலுக்காக மட்டும் உயர் வகைக்குப் போகத் தேவையில்லை. ஆனால் கை ஸ்டீயரிங்கை விட்டு அகலாமல் இதைச் செய்ய முடிவது உண்மையான நன்மைதான்.

பிரேக் சூடாவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் பிரேக் ஆயிலைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது; ஈரம் சேர்ந்த நிலைக்குத் தரநிலை வகுத்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. பிரேக் பேட்களை அழுத்திப் பிடிக்கும், சிவப்பு வண்ணம் பூசிய பெரிய கேலிப்பர்களைப் பார்த்து மயங்குகிறவர்கள், இந்த ஆயிலை உரிய காலத்தில் மாற்றினாலே தங்களுக்குத் தேவையான உறுதி கிடைத்துவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கான பிரேக் பேட்களை அன்றாடக் காரில் பொருத்துவதை நான் ஆபத்தாகவே பார்க்கிறேன். அவை சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். வீட்டிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால், அப்போது அவை குளிர்ந்துதான் இருக்கும்.

தேவைக்கேற்ப மாறும் ஷாக் அப்சார்பர்கள்தான் இந்தப் பட்டியலில் நான் மனமாரப் பரிந்துரைப்பவை. சாதாரண ஷாக் அப்சார்பரில் ஒரு சமரசம் இருக்கிறது: வளைவில் வண்டி சாயாதிருக்க இறுக்கமாக வைத்தால் குண்டும் குழியும் முதுகில் தெரியும், மென்மையாக வைத்தால் வேகமாகத் தடம் மாறும்போது வண்டி அலைபாயும். 2002-இல் காடிலாக் செவில் காரில் முதன்முதலாக வந்த மேக்னரைடு முறையில், அப்சார்பருக்குள் இருக்கும் திரவத்தில் இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்காந்தப் புலத்தை மாற்றினால் சில மில்லிவிநாடிகளில் திரவத்தின் இறுக்கம் மாறிவிடும். வால்வுகளைத் திறந்து மூடிச் செயல்படும் வகைகளும் உண்டு. எதுவாக இருந்தாலும் இதன் சிறப்பு, நாம் எதையும் அழுத்தாமல் சாதாரண நிலையிலேயே விட்டுவைத்தாலும் அது வேலை செய்துகொண்டே இருப்பதுதான். உடைந்த சாலையில் பின்னிருக்கையில் இருக்கும் முதியவருக்கும் அது தெரியும், நெடுஞ்சாலையில் திடீரென்று விலக நேரும்போது ஓட்டுநருக்கும் தெரியும். வாங்கும் முன், உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஓர் அப்சார்பரை மாற்ற என்ன செலவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண அப்சார்பரின் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

பல நேரங்களில் இதே வசதியோடு பெரிய சக்கரங்களும் தட்டையான டயர்களும் சேர்த்து விற்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. டயரின் பக்கச் சுவர் உயரம் குறையக் குறைய, பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். நல்ல அப்சார்பர் தரும் நன்மையில் ஒரு பகுதியை அந்தச் சக்கரங்கள் திரும்பப் பறித்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சிறிய சக்கரத்தையே கேளுங்கள்.

இனி, பலர் செயல்திறன் கருவி என்றே எண்ணாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், சஸ்பென்ஷனைக் கணினியே இயக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் ஆகிய மூன்றும் 1994-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தடை செய்யப்பட்டன. ஓட்டுநரின் திறமைக்கு உரிய வேலையை அவை எடுத்துக்கொள்கின்றன என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். பந்தயத்தில் அது குறையாக இருக்கலாம், சாலையில் அதுவே நமக்கு வேண்டியது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் துணையோடு வந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஸ்டீயரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநராலும் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து அவரிடம் இருப்பது ஒரே பெடல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். மழை பெய்த மேம்பாலத்தின் இறக்கத்தில், இரும்பு இணைப்பின் மேல் சக்கரம் ஏறும்போது டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு இரண்டொரு முறை மினுக்கி அணைவதை நீங்களும் கண்டிருக்கலாம். காரின் அடிப்படை வகையில் இது இல்லாமல் உயர் வகையில் மட்டும் இருக்குமானால், அந்த ஒரு காரணத்துக்காகவே உயர் வகையை வாங்குங்கள். ஸ்போர்ட் மோடோடு இது தானாகத் தளர்ந்துவிடுகிறதா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரமும் திரும்பும் ஸ்டீயரிங், நீளமான காரை நெருக்கமான இடத்தில் திருப்ப உதவும். சிறிய காருக்கு அது தேவையில்லை. வளைவில் உட்புறச் சக்கரத்தைப் பிரேக் பிடித்துத் திருப்பத்துக்கு உதவும் மின்னணு முறை சாலைக்குப் போதுமானது. பந்தயத் தளத்தில் தொடர்ந்து ஓட்டினால் அது பேட்களைச் சூடாக்கிவிடும் என்பதால், அங்கே போகிறவர்கள் மட்டும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிடும் இயந்திர முறை டிஃபரென்ஷியலைத் தேடலாம். விடுமுறை நாட்களில் காரைப் பந்தயத் தளத்துக்கு உண்மையிலேயே கொண்டு செல்பவருக்கு நான் மேலே ஒதுக்கிய பலவும் பொருந்தும். கடிகாரமும் மானியும்கூட அங்கே கற்றுக்கொடுக்கும்.

வெளியே வாங்கிப் பொருத்தும் கருவிகளில், டேஷ்போர்டுக்குக் கீழே, பழுதைக் கண்டறியும் கருவியை இணைப்பதற்காக உள்ள ஓபிடி துளையில் செருகினால் திறன் கூடும் என்று விற்கப்படும் மலிவான பெட்டிகளை நம்பாதீர்கள். அவற்றில் பல விளக்கை மட்டுமே எரியவிடுகின்றன. ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைக்கும் கருவி, ஸ்போர்ட் மோட் செய்யும் அதே கணக்கு மாற்றத்தைத்தான் செய்கிறது. என்ஜின் கணினியை ரீமேப் செய்வது, அதாவது அதன் மென்பொருள் கணக்குகளை மாற்றி எழுதுவது, உண்மையாகவே திறனைக் கூட்டும், ஆனால் கியர்பாக்ஸும் பிரேக்கும் பழைய அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. உத்தரவாதமும் காப்பீடும் என்னவாகும் என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

உயர் வகைக்குக் கொடுக்கவிருந்த பணம் கையில் மிஞ்சினால் நான் அதை டயரில் போடுவேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன் பிறகு அதை நிறுத்துவது சாலையைத் தொடும் உள்ளங்கை அகல ரப்பர் நான்குதான். ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அந்த ரப்பரில் இருக்கும் பிடிப்பைப் பங்கிடத்தான் முடியும், புதிதாக உண்டாக்க முடியாது.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலையை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் போகும் வழியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மோடையும் சாதாரண நிலையில் வைத்து ஒரு முறை, பொத்தான்களை அழுத்தி ஒரு முறை. மோசமான பகுதியில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். வீடு திரும்பும் வரை எந்தப் பொத்தானை நீங்களாகவே மறுபடி அழுத்தத் தோன்றியது என்று குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.