"இன்னும் எக்ஸாமினேஷனே சொல்லலையே சார்!" – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழில் டாக்டர்கள் ஒரு நோயை எப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதி டாக்டர்கள், மீதி அவர்களிடம் மாட்டிய நோயாளிகளின் வீட்டுக்காரர்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாவட்ட ரெசிடென்சிக்காக (மேல்படிப்பின் பகுதியாக மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்ப்பது) மூன்று மாதம் குன்னூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனைக்கு வந்திருக்கிறேன். எங்கள் காலேஜில் கேஸ் பிரசன்ட் செய்தால் ஹிஸ்டரி (நோயாளி சொன்ன கதை), எக்ஸாமினேஷன் (உடல் பரிசோதனை), ரிப்போர்ட் எல்லாம் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். இங்கே இருக்கும் சீனியர் டாக்டர் ரெண்டு வரி சொன்னதுமே நிறுத்தி, "என்னவா இருக்கும்னு நினைக்கிற?" என்கிறார். இன்னும் எக்ஸாமினேஷனே சொல்லலையே சார் என்றால், "பரவாயில்லம்மா, சொல்லு" என்கிறார். எனக்கு வியர்த்துவிடுகிறது, அதுவும் இந்தக் குளிரில். இது சரியான முறையா? பரீட்சைக்கு உதவுமா?
– பெயர் வேண்டாம் என்ற பிஜி மாணவி

பதில்: உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார் அம்மா, மூன்று மாதத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நோயாளி பேச ஆரம்பித்த முதல் சில நிமிடங்களிலேயே உங்கள் மனசு ரெண்டு மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்திருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். அனுபவசாலிகளும் புதியவர்களும் எப்படி நோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் எல்ஸ்டைன் குழுவினர் ஆராய்ந்து 1978-ல் வெளியிட்டதிலும் இதுதான் தெரிந்தது: இரண்டு தரப்புமே ஆரம்பத்திலேயே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், வித்தியாசம் அந்த ஊகத்தின் தரத்தில்தான். ஆனால் கேஸ் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? அந்த ஊகத்தை மறைத்துக்கொண்டு, எதுவுமே தோன்றாதவர் மாதிரி வயதிலிருந்து ஆரம்பித்து ஒப்பிக்கிறோம். கேட்பவருக்கு உங்கள் ஞாபகசக்தி தெரிகிறது, யோசனை தெரியவில்லை. தெரியாததை அவர் எப்படித் திருத்துவார்? அதனால்தான் பாதியில் நிறுத்துகிறார்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். விவரங்களை நானே கலந்து கட்டியிருக்கிறேன், ஆனால் இந்த மாதிரி நோயாளியை நீங்கள் அங்கே கட்டாயம் பார்ப்பீர்கள். "நாற்பத்தைந்து வயதுப் பெண், எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, ரெண்டு நாளாக மூச்சுத்திணறல், சுகர் இல்லை, பிரஷர் இல்லை, காமாலை வந்ததில்லை, ரத்த வாந்தி இல்லை, வலிப்பு இல்லை..." என்று போகிறது பிரசன்டேஷன். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், டைபாய்டுக்கு ஊசி போய்க்கொண்டிருக்கிறது, கேஸ் ஷீட்டில் மேலே "காய்ச்சல், காரணம் தேடப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற பத்து பேரில் எட்டு பேர் மனசளவில் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தேயிலை பறிக்கும் நடுவயதுப் பெண், இதற்குமுன் ஆரோக்கியமாக இருந்தவர், ஒரு வாரத்தைத் தாண்டிய காய்ச்சல், இப்போது நுரையீரலும் கல்லீரலும் ஒரே சமயத்தில் பாதிக்கப்படுகின்றன, பிளேட்லெட் குறைந்திருக்கிறது." ஒரே வரிதான். ஆனால் இந்த வரியைக் கேட்டதும் ஸ்க்ரப் டைபஸ் (புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் காய்ச்சல்), எலிக்காய்ச்சல், டெங்கு, மலேரியா என்று நாலைந்து பெயர்கள் தானாக முன்னால் வந்து நிற்கின்றன. முதல் பிரசன்டேஷனில் இருந்த தகவல்கள்தான் பெரும்பாலும், கூட ஒரு தொழிலும் ரெண்டு ரிப்போர்ட்டும் சேர்ந்தன. எட்டு நாள் என்பது "ஒரு வாரத்தைத் தாண்டிய" ஆனது, மூச்சுத்திணறலும் ஏறியிருந்த கல்லீரல் என்சைமும் "ஒரே சமயத்தில் ரெண்டு உறுப்பு" ஆயின. இந்த மாற்றத்தைச் செய்வதற்குத்தான் உங்கள் சீனியர் உங்களைப் பழக்குகிறார்.

அடுத்தது அவர் கேட்கப்போவது, "இந்த நாலில் எதை எதிலிருந்து எப்படிப் பிரிப்ப?" இங்கேதான் உடல் பரிசோதனை உள்ளே வருகிறது, சடங்காக இல்லை, தேடலாக. ஸ்க்ரப் டைபஸை நினைத்தவர் மட்டும்தான் பூச்சி கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கைத் தேடுவார். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு சின்னப் புண், வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்லவே மாட்டார். அக்குளில், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கில், துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களில் ஒளிந்திருக்கும். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் புடவைமேல் சட்டை, சட்டைமேல் ஸ்வெட்டர், அதற்குமேல் ஈரம் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் விரிப்பு என்று கட்டிக்கொள்கிறார்கள். அந்த இடுப்புக் கட்டு உட்காரும் இடத்தில், முதுகுப் பக்கமாக, ஒரு பொருக்கு இருந்தால் முன்னால் நின்று ஸ்டெத் வைக்கிறவருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. ஒரு சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டு, ஸ்க்ரீன் இழுத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொருக்கு எல்லோரிடமும் இருக்காது, இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்றும் ஆகிவிடாது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம் மருந்து. ஸ்க்ரப் டைபஸுக்கு, டைபாய்டுக்குப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி கேட்காது, டாக்சிசைக்ளின் கேட்கும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். கடுமையாகப் போன நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் என்று இந்தியாவிலேயே நடந்த ஆய்வு 2023-ல் வந்தது. உங்கள் சீனியர் இதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரு கடைசிக் கேள்வி கேட்பார் என்று நினைக்கிறேன்: "ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கலைன்னா என்ன நினைப்ப?" இதற்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போங்கள். எந்தத் தகவல் வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர், முதலில் தோன்றிய பெயரையே கட்டிக்கொண்டு அழ மாட்டார்.

பரீட்சை பற்றிக் கேட்டீர்கள். லாங் கேஸில் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் பரீட்சை) எக்ஸாமினர் உங்களிடம் எத்தனை "இல்லை" சொன்னீர்கள் என்று எண்ணப்போவதில்லை. காமாலை இல்லை, வலிப்பு இல்லை என்று நாற்பது இல்லைகளை அடுக்குவதைவிட, நீங்கள் நினைக்கும் நோயைத் தூக்கி நிறுத்துகிற அல்லது சாய்க்கிற நாலு இல்லைகளைச் சொன்னால் போதும். "ஏம்மா அப்படிச் சொல்ற?" என்று அவர் கேட்பதும் உங்கள் குன்னூர் டாக்டர் கேட்பதும் ஒரே கேள்விதான்.

கேள்வி: நான் பாடம் எடுக்கும் பக்கத்தில் இருப்பவன். ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. இதில் ரெசிடென்ட்டை (எங்களிடம் வேலை பார்த்தபடி மேல்படிப்பு படிக்கும் டாக்டரை) உட்கார வைத்து யோசிக்கச் சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே சார்? நானே விடையைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்ப்பதுதான் நடைமுறை.
– உதவிப் பேராசிரியர், நீலகிரி மாவட்டம்

பதில்: நீங்களே விடையைச் சொல்வதால்தான் நாளைக்கும் அதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். நேரம் அங்கேதான் போகிறது.

உங்கள் மாதிரி ஆட்களுக்காகவே 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் ஒரு வழியைச் சொன்னார்கள், "ஒரு நிமிட ஆசிரியர்" என்று பெயர், நிஜத்தில் அஞ்சு நிமிடம் ஆகும். முதலில் ரெசிடென்ட் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. ஏன் என்று கேளுங்கள். ஒரே ஒரு பொது விதியைச் சொல்லிக்கொடுங்கள். சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள் ("குட்" என்பது பாராட்டு இல்லை, "குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டது நல்ல கேள்வி" என்பது பாராட்டு). தப்பைத் திருத்துங்கள். அவ்வளவுதான். இதில் கஷ்டமானது எது தெரியுமா? கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. ரெசிடென்ட் முழிக்கிற அந்தச் சில விநாடிகள் நமக்கு ஒரு யுகமாகத் தெரியும், உடனே நாமே பேசிவிடுவோம். பேசாதீர்கள்.

2003-ல் வந்த ஸ்நாப்ஸ் என்ற கேஸ் சொல்லும் முறை இதைத் திருப்பிப் போட்டது. அதில் ரெசிடென்ட்டே சுருக்கமாகச் சொல்லி, ரெண்டு மூன்று நோய்களாகக் குறுக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தனக்குப் புரியாததை ஆசிரியரிடம் கேட்டு, சிகிச்சையைத் திட்டமிட்டு, வீட்டில் போய்ப் படிக்க ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனக்கு எது தெரியவில்லை என்று மாணவரே வாய்விட்டுச் சொல்லும்படி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் அதைச் சொல்ல வைப்பது லேசில்லை, நோயாளி முன்னால் ஒரு தடவை மானத்தை வாங்கிவிட்டால் அப்புறம் அந்தப் பையன் மூன்று வருஷமும் வாயே திறக்க மாட்டான். திட்டுவதாக இருந்தால் தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு.

பொது விதி என்றேனே, அதற்கு உங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கூடலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு இளைஞர் முதுகும் காலும் வலிக்கிறது, நெஞ்சு பிடிக்கிறது என்று வருகிறார். சமவெளியிலிருந்து வந்த ரெசிடென்ட் தசைவலி என்று மாத்திரை எழுதப் போவார். அந்த மக்களிடையே அரிவாள் அணுச் சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) அதிகம் என்று தெரிந்தவர் ஹீமோகுளோபினும் எக்ஸ்ரேயும் பார்ப்பார், ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். ஒரே அறிகுறி, ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து வேறு நோயாகிறது. இந்த ஒரு விதியைச் சொல்லிவிட்டு அன்றைக்குப் பாடத்தை நிறுத்துங்கள்.

இன்னொன்று, எல்ஸ்டைன் குழுவின் ஆய்விலேயே வந்த விஷயம். ஒரு கேஸில் நன்றாக யோசித்தவர் அடுத்த கேஸிலும் அப்படியே யோசிப்பார் என்று சொல்ல முடியாது. காய்ச்சலில் கெட்டிக்காரர் மூட்டுவலியில் திணறுவார். ஆகவே "யோசிப்பது எப்படி" என்று தனியாக ஒரு வகுப்பு எடுத்துத் தப்பிக்க முடியாது, விதவிதமான கேஸ்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் விடை என்ன ஆனது என்று தெரிய வேண்டும். மலையில் நம் பெரிய ஓட்டை இங்கேதான். மோசமான நோயாளியை கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுகிறோம், ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் இறங்கிப் பர்லியாறு தாண்டியதும் அந்த ஆள் நம் கதையிலிருந்தே போய்விடுகிறார். ரெசிடென்ட் சொன்ன டயக்னோசிஸ் சரியா தப்பா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தப்பென்று தெரியாத தப்பு, மனசில் அனுபவம் என்ற பெயரில் சேர்ந்துவிடும். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில், அனுப்பும்போது நான் நினைத்தது இது என்று ஒரு வரி எழுத வைத்து, ஒரு வாரம் கழித்து அந்த ரெசிடென்ட்டே போன் போட்டு விசாரிக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நோட்டை வைத்து உட்காருங்கள்.

முடிவை மறைத்து வைத்துக்கொண்டு யோசிக்க வைப்பது பழைய வித்தைதான். 1900-ல் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், சட்டம் படித்த தன் அறைத்தோழர் வழக்குகளை வைத்து அவ்வளவு ஆர்வமாக வாதிடுவதைப் பார்த்து, மருத்துவத்துக்கும் இது ஆகுமே என்று எழுதினார். அப்புறம் ரிச்சர்ட் கேபட், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஒரு டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் யோசித்து முடிவைச் சொல்ல, கடைசியில் நோய்க்கூறு நிபுணர் உண்மையை உடைக்கிற கூட்டங்களை நடத்தினார். அங்கே பெரிய பேராசிரியர்களே எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நோட்டிலும் உங்கள் ஊகத்தை முதலில் எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தினமும் காலையில் ஏழெட்டு டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஒரே கேள்வியை நாலு பேர் நாலு தடவை கேட்டார்கள். எங்கள் அம்மா என்ன பொருட்காட்சியா?
– ஒரு மகள், கோத்தகிரி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. "அம்மா, இவங்க படிக்கிற டாக்டருங்க, உங்களைப் பத்திப் பேசலாமா?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பேசி முடித்தபின் என்ன பேசினோம் என்பதைத் தமிழிலோ, அம்மாவுக்குப் படுகர் மொழியான படுகுதான் சரளம் என்றால் அது தெரிந்த சிஸ்டர் மூலமோ சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு, அதனால் வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கக் கூடாது.

ஆனால் அந்த நாலு தடவையை மட்டும் மன்னித்துவிடுங்கள். முதல் டாக்டரிடம் "வேற மருந்து எதுவும் சாப்பிடலை" என்று சொன்ன பாட்டி, நாலாவது ஆளிடம் "முட்டிக்கு மட்டும் கடைல மாத்திரை வாங்கிப் போடுவேன்" என்று சொல்வது தினசரி நடக்கிறது. சில சமயம் மொத்த நோயும் அந்த மாத்திரையில் இருக்கும்.

கேள்வி: அறிகுறிகளைப் போட்டால் ஏ.ஐ. பத்து டிஃபரன்ஷியல் (எந்தெந்த நோயாக இருக்கலாம் என்ற பட்டியல்) கொடுக்கிறது. இனிமேலும் இந்த கேஸ் பிரசன்டேஷன் எல்லாம் எதற்கு?
– ஹவுஸ் சர்ஜன், கொடைக்கானல்

பதில்: எந்த அறிகுறியைப் போடுவது தம்பி? நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பார்க்காத பொருக்கு அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள், விட்டதைச் சொல்லும். முதலிலேயே கேட்டால் அது சொன்ன பத்தும் மண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: சென்னையில் படித்துவிட்டு ஊட்டியில் டியூட்டி பார்க்கிறேன். பாதி நோயாளிகளுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 94, 95 என்றுதான் வருகிறது. எல்லோருக்கும் ஆக்சிஜன் போடவா?
– ஜூனியர் ரெசிடென்ட், ஊட்டி

பதில்: நீங்கள் நிற்கும் இடம் சுமார் 2,240 மீட்டர் உயரம். மெரினாவில் பார்த்த எண்ணைவிட ரெண்டு மூன்று குறைவாக இருப்பது அங்கே ஆரோக்கியமானவருக்கும் சகஜம். அதுவும் டிசம்பர் காலையில் ஜில்லிட்ட விரலில் கிளிப்பை மாட்டினால் மெஷின் சரியாகவே பிடிக்காது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து, வேறு விரலிலும் ஒருமுறை பாருங்கள். கேஸ் சொல்லும்போதும் "சாச்சுரேஷன் 94" என்று நிறுத்தாமல், மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, பேசும்போது திணறுகிறாரா, போன தடவை வந்தபோது எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 30 மூச்சு வாங்குகிறவருக்கு 94 என்றால் உயரத்தின்மேல் பழியைப் போடாதீர்கள், உடனே சீனியரைக் கூப்பிடுங்கள்.