வலது கண்ணுக்காக ஜெர்மனி போகுமுன் இடது கண்ணைக் காட்டுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கருவிழி கூம்பு போலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய் இரண்டு கண்களிலும் இருக்கிறது. சென்ற ஆண்டு வலது கண் திடீரென்று நீர் கோத்து வெளுத்து, இப்போது நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இடது கண்ணுக்கு இப்போதைக்குக் கண்ணாடி போதுமாம். தெரிந்தவர் வழியாக வந்த ஏஜென்ட் ஒருவர், ஜெர்மனியில் ஸ்டெம் செல் சிகிச்சையுடன் புதுக் கருவிழி பொருத்தித் தருவதாகவும், மொத்தம் 18 லட்சம் ரூபாய் ஆகும், முதலில் 2 லட்சம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். வீட்டை அடமானம் வைக்கலாமா? (ஒரு தாய், தண்டையார்பேட்டை)

பதில்: அம்மா, வீட்டை அடமானம் வைக்க வேண்டாம், அந்த 2 லட்சத்தையும் கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடது கண்தான்.

வலது கண்ணில் வர வேண்டிய சேதம் வந்துவிட்டது. தழும்பு ஆறி நிலைத்துவிட்ட அந்தக் கண்ணுக்கு அறுவை சிகிச்சையை இந்த மாதம் செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் பெரிய வேறுபாடு இராது. இடது கண் அப்படியல்ல. இந்த நோய் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் வேகமாக முற்றும். கண்ணாடி பார்வையைத் திருத்துமே தவிர, கருவிழி மெலிந்து புடைப்பதைத் தடுக்காது. தடுப்பதற்கு என்றே கிராஸ் லிங்க்கிங் என்ற சிகிச்சை இருக்கிறது. ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினைச் சொட்டு மருந்தாக ஊறவைத்து, அளவான புற ஊதாக் கதிரைக் கருவிழியின் மேல் பாய்ச்சினால், அதன் உள்நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்; சில நாள் வலியும் கூச்சமும் இருக்கும். இழந்த பார்வையை இது மீட்டுத் தராது, இருக்கும் பார்வையைக் காக்கும்.

ஏஜென்ட் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இது ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கி 2003-இல் வெளியிட்ட சிகிச்சைதான். இது சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வழக்கமான முறையில் இதைச் செய்யக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான், அதாவது 0.4 மில்லிமீட்டர், தடிமன் இருக்க வேண்டும். நல்ல கருவிழியே அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கனம்தான். பாஸ்போர்ட், விசா, முன்பதிவு என்று நீங்கள் வலது கண்ணுக்காக அலையும் மாதங்களில் இடது கண் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், இரண்டாவது கண்ணுக்கும் மாற்றுக் கருவிழி தேட வேண்டிய நிலை வரலாம்.

இனி வலது கண். கருவிழி மாற்று என்பதை ஒரு நாள் ஆபரேஷன் என்று நினைப்பதால்தான் வெளிநாட்டு ஆசை வருகிறது. மேசையில் நடப்பது ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதன் பிறகு ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல், அந்தக் கண், மருத்துவரின் பார்வையிலேயே இருக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல்களை ஒவ்வொன்றாக, எது எப்போது தளர்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது கண்ணின் அழுத்தத்தை ஏற்றுகிறதா என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். மாற்றிய கருவிழியை உடல் ஏற்க மறுப்பது மூன்றாம் மாதத்திலும் நடக்கும், மூன்றாம் ஆண்டிலும் நடக்கும். கண் சிவத்தல், வெளிச்சம் கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும் அன்றே வந்தால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே காப்பாற்றிவிடலாம். பத்து நாள் கழித்து வந்தால் பல நேரம் கை மீறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர், வெளிநாட்டில் செய்துகொண்ட மாற்றுக் கருவிழி வெளுத்துப்போன நிலையில் என்னிடம் வந்தார். என்ன வகை அறுவை, எந்த மருந்து எத்தனை வேளை என்று சொல்ல ஒரு தாளும் அவர் கையில் இல்லை. அழைத்துப் போனவரின் எண் அணைந்திருந்தது. அவர் பணம் கொடுத்து வாங்கியது அந்த இரண்டு மணி நேரத்தை மட்டுமே. அந்தக் கண்ணை என்னால் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் மகனுக்குச் செய்யும் மருத்துவர், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கினால் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் அங்கேதான் அமைந்தது.

ஏஜென்ட்டுகளைப் பற்றி. மருத்துவமனையிலிருந்து வந்தது என்று அவர் காட்டும் அழைப்புக் கடிதத்துக்கு மயங்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் அயல்நாட்டு நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஸ்கேன் படங்களை மின்னஞ்சலில் அனுப்பினால் செலவு மதிப்பீட்டை அவர்களே நேராக அனுப்புவார்கள். முன்பணம் விசா மறுக்கப்பட்டால் திரும்ப வருமா என்று கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும். கருவிழிக்கு என்று தனியாக ஒரு விலை சொன்னாரானால் எழுந்து வந்துவிடுங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் மனித உறுப்பையும் திசுவையும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கண் வங்கி வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்குமான கட்டணம் மட்டுமே. முழுக் கண்ணையே மாற்றித் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. நியூயார்க்கில் 2023-இல் முதன்முதலாக முழுக் கண் மாற்று அறுவை நடந்தது. கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை.

ஸ்டெம் செல் என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அது முழுப் பொய்யும் அல்ல. கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பில், மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் உண்டு. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறித்தவர்கள், சுண்ணாம்புப் பொட்டலம் வெடித்துக் கண்ணில் பட்ட குழந்தைகள், ரசாயன ஆலையில் அமிலம் பட்டவர்கள் ஆகியோருக்கு அந்த விளிம்பு வெந்துபோகும். அப்படிப்பட்ட கண்ணில் நேரே புதுக் கருவிழி வைத்தால் நிற்காது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து மிகச் சிறிய துண்டு எடுத்து, கெட்ட கண்ணில் நட்டு வளர்க்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. ஆய்வகமே இல்லாமல் கண்ணிலேயே வளரவிடும் எளிய முறையை ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலைய மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். இரண்டு கண்களும் வெந்தவர்களுக்குச் சொந்தப் பல்லையே செதுக்கி, அதில் செயற்கை ஒளிவில்லை பதித்துக் கண்ணில் வைக்கும் அறுவைகூடச் சென்னையில் நடக்கிறது. ஆனால் உங்கள் மகனுக்கு விளிம்பு கெடவில்லை. அவருடைய நோய்க்கும் அந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. அந்தச் சொல்லுக்காக ஏஜென்ட் கேட்கும் பணம் வீண்.

உங்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஒரு தாயின் கையில் ஆங்கிலத்தில் மூன்று சொல் எழுதிய சீட்டைத் திணித்து, இரண்டு நிமிடத்தில் அடுத்தவரை அழைக்கும் எங்கள் புறநோயாளிப் பிரிவுகள்தாம் ஏஜென்ட்டுக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. கண்ணாடி போதும் என்று சொன்னவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய கண்களை, யாரிடம் சொல்வது என்று தெரியாமலே ஐஸ் பெட்டியில் வைத்து மண்ணுக்குக் கொடுத்துவிடுகிற வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! கண் வங்கியின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு தெருவிலும் எழுதி வைக்க இத்தனை ஆண்டுகளில் ஏன் முடியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த வாரமே கருவிழிப் பிரிவுக்குப் போங்கள். முதல் நாளில் எடுத்தது தொடங்கி எல்லா ஸ்கேன் தாள்களையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும், குடும்ப அட்டையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இடது கண் முற்றுகிறதா, கிராஸ் லிங்க்கிங் செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். பிறகு வலது கண்ணில் கருவிழியின் உள்ளடுக்கை விட்டுவிட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் உடல் ஏற்க மறுக்கும் அபாயம் குறையும். நீர் கோத்தபோது உள்சவ்வு கிழிந்திருப்பதால் முழுக் கனத்தையும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அதிலும் நியாயம் உண்டு. அதுவரை மகன் கண்ணைக் கசக்கவே கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் கண்ணை மூடும் கண்ணாடி அணியட்டும். அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையாவது விட்டுக்கொண்டிருந்தால், அந்தப் புட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.