ஒரே ஈத்துக் குட்டிங்க ரெண்டு: கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்க கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது ஒரு படுகர் ஊர்ல இருக்கோம். நான், என் வீட்டுக்காரி, அம்மா, மூணு பேரு. செப்டம்பர் கடைசியில எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து ஒரே ஈத்துப் பொட்டக் குட்டிங்க ரெண்ட எடுத்துட்டு வந்தோம். அப்ப ஏழு வாரம். "ஒண்ணா எடுத்துக்கோங்க, ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும், ராத்திரி அழாது, உங்களுக்கும் வேலை மிச்சம்"னு அங்க இருந்தவரு சொன்னாரு. சிட்டு, பட்டுன்னு பேரு வச்சோம். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டும் வீட்டுக்குள்ளதான். இப்ப நாலு மாசம் ஆகுது. பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டும் திரும்பிப் பாக்கறதே இல்ல. ஒண்ணத் தூக்கிட்டு வெளிய போனா வீட்டுல இருக்கறது ஊரே கூடற மாதிரி கத்துது. சோத்துத் தட்டுக்கு சண்டை வேற வந்துருச்சு. பட்டு ரொம்ப சாது, எல்லா சேட்டையும் சிட்டுதான். என் மச்சான் ஒண்ணக் குடுத்துருங்கறாரு. அம்மாவோ, அந்தக் காலத்துல வீட்டுக்கு நாலு நாய் வளந்துச்சு, இதெல்லாம் ஒரு பிரச்சனையான்னு கேக்கறாங்க. என்ன பண்றதுன்னு சொல்லுங்க அக்கா. பேரு போட வேணாம்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

முதல்ல மச்சான் சொன்னதுக்கு பதில் சொல்லிடறேன். இப்போதைக்கு யாரையும் குடுக்க வேணாம். வீட்டுல பெரியவங்க மூணு பேரு இருக்கீங்க, குட்டிங்களுக்கு நாலு மாசம்தான் ஆகுது, சரி பண்ண நேரம் இருக்கு. ஆனா "வேலை மிச்சம்"னு லைன் வீட்டுக்காரரு சொன்னத மட்டும் மனசுல இருந்து எடுத்துருங்க, ரெண்டு குட்டின்னா ரெண்டு மடங்கு வேலை, முதல் வருஷம் அதுக்கும் கொஞ்சம் மேலேயே இருக்கும்.

நாய் பழக்கறவங்க இதுக்கு லிட்டர்மேட் சிண்ட்ரோம்னு ஒரு பேரு வச்சிருக்காங்க, யூட்யூப்ல தேடினா பயமுறுத்தற மாதிரி நிறைய வரும். அது டாக்டர் சீட்டு எழுதித் தர்ற வியாதி கிடையாது, எல்லா ஜோடிக் குட்டிக்கும் வந்துதான் தீரும்னும் இல்ல, ஒண்ணா வளந்து நல்லா இருக்கற அக்கா தங்கச்சி நாய்ங்க எத்தனையோ இருக்கு. ஆனா நீங்க எழுதின மூணும், அதாவது பேருக்குத் திரும்பாதது, பிரிச்சா கத்தறது, தட்டுக்கு அடிச்சுக்கறது, இது மூணும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. ஒரு குட்டி தனியா வீட்டுக்கு வந்தா அதுக்கு வேற வழியே இல்ல, நம்ம மூஞ்சியப் பாத்துதான் எல்லாத்தையும் கத்துக்கணும், பயம் வந்தா நம்ம கால்கிட்ட வரணும், விளையாடணும்னா நம்மளத்தான் கூப்பிடணும். ரெண்டு வந்தா அந்தத் தேவையெல்லாம் கூடப்பொறந்ததுகிட்டயே தீந்துருது. நாம சோறு வைக்கறவங்களாவும் கதவு திறக்கறவங்களாவும் மட்டும் நின்னுடறோம். அப்புறம் அது பேர் சொன்னா ஏன் திரும்பணும்?

இதோட உங்க வீட்டுல மழையும் சேந்துருச்சு. குட்டிக்கு மூணு வாரத்துல இருந்து பன்னண்டு பதினாலு வாரம் வரைக்கும் ஒரு காலம் இருக்கு, அதுக்குள்ள எதையெல்லாம் பயமில்லாமப் பாக்குதோ அதையெல்லாம் உலகத்துல இருக்க வேண்டியதுதான்னு ஏத்துக்கும். அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கற ஊர்ல ஒரு ஆராய்ச்சிக் கூடம், அங்க குட்டிங்கள வேலி போட்ட மைதானத்துல மனுஷங்களோட பழக்கமே இல்லாம வளத்து, வேற வேற வயசுல ஒரு வாரம் மட்டும் உள்ள கொண்டு வந்து பழக விட்டுப் பாத்தாங்க, 1961-ல அது வெளியாச்சு. பதினாலு வாரம் வரைக்கும் மனுஷங்களோட பழகாத குட்டிங்க அதுக்கப்புறம் நெருங்கவே இல்ல. உங்க குட்டிங்க அந்த நிலைமையில இல்ல, மூணு பேரு கையில வளருது, லைன்லயும் நாலு பேரப் பாத்துருக்கும். ஆனா நம்ம கோத்தகிரி, குன்னூர் பக்கம் கனமழையே அக்டோபர், நவம்பர்லதான், அந்த ரெண்டு மாசமும் உங்க குட்டிங்களுக்கு சரியா அந்தக் காலமாப் போச்சு. பஸ்ஸு ஹாரன், குடை, ரெயின்கோட் போட்ட ஆளு, ஸ்கூல் பசங்க கூட்டம், எதையும் பாக்கல, பாத்ததெல்லாம் ஒண்ணோட மூஞ்சிய இன்னொண்ணு. யாரு மேலயும் தப்பு இல்ல, மழை அப்படி. இனிமே செய்ய வேண்டியது கொஞ்சம் மெதுவா நடக்கும், அவ்வளவுதான்.

அம்மா கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு, அதை நான் தள்ளிவிட மாட்டேன். அந்தக் காலத்துல நாலு நாய் ஒண்ணா வளந்துச்சு, இந்தப் பிரச்சனை பெருசாத் தெரியல. ஏன்னா அந்த நாய்ங்க வீட்டுக்குள்ள இல்ல. ஹட்டி முழுக்க சுத்துச்சு, தாய் கூடவே இருந்துச்சு, தேயிலை பறிக்கப் போறவங்க பின்னாடி ஒண்ணு போகும், இன்னொண்ணு கடைவாசல்ல படுத்திருக்கும், கொஞ்சம் வளந்ததும் ஈத்து தானாப் பிரிஞ்சு ஆளுக்கொரு வீட்டையோ ஆளையோ புடிச்சுக்கும். இப்ப அப்படி விட முடியுமா? பொழுது சாஞ்சா சிறுத்தை வாசல் வரைக்கும் வந்து நாயத் தூக்கிட்டுப் போகுது, காட்டெருமை ரோட்டுலயே நிக்குது, அதனால கேட்டைச் சாத்தி வளக்கறோம், சாத்தித்தான் ஆகணும். சாத்தினதுனால அந்த நாய்ங்களுக்குத் தெருவுல இலவசமாக் கிடைச்ச படிப்பு உங்க குட்டிங்களுக்குக் கிடைக்கல. அதை இப்ப நீங்க கையால குடுக்கணும், ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா. அம்மாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க, புரிஞ்சுக்குவாங்க.

பட்டு சாதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த ஒரு வரிதான் எனக்கு ரொம்பக் கவலையா இருந்துச்சு. ரெண்டு குட்டி ஒண்ணா இருக்கறப்ப ஒருத்தி எப்பவும் முன்னாடி நிப்பா, இன்னொருத்தி அவ முதுகுக்குப் பின்னாடி நின்னே வளந்துருவா, நாம அதைப் பாத்து அடக்கமான புள்ளைன்னு சந்தோஷப்படுவோம். பல நேரம் அது அடக்கம் இல்ல, பயம். ஒரு நாள் வெயிலடிக்கறப்ப பட்டுவை மட்டும் கூட்டிட்டு கேட்டுக்கு வெளிய பத்தடி போங்க. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச கோழித்துண்டு ஒண்ணு உப்பு மசாலா இல்லாம வேக வச்சுக் கையில வச்சுக்கோங்க. அதை வாங்கித் தின்னுட்டு அங்கங்க மோந்து பாத்தான்னா நல்லது. வாலு வயித்துக்கடியில போய், உதட்ட உதட்ட நக்கி, தூக்கமே வராதப்ப கொட்டாவி விட்டு, கோழியக்கூடத் தொடலன்னா பயந்துருக்கான்னு அர்த்தம். அப்ப இழுக்காதீங்க, திட்டாதீங்க, வீட்டுப் பக்கம் ரெண்டு அடி திரும்பி அவ படபடப்பு அடங்கற இடத்துல உக்காந்துக்கோங்க. நாளைக்கு அங்கிருந்து இன்னும் ஒரு அடி. பட்டுவுக்குத்தான் முதல்ல ஆள் வேணும், சிட்டு எப்படியும் சத்தம் போட்டுத் தனக்கு வேண்டியத வாங்கிக்குவா.

ஸ்கூல்ல ரெட்டைப் புள்ளைங்கள வேற வேற செக்‌ஷன்ல போடுவாங்கல்ல, வீட்டுக்கு வந்தா ஒண்ணாத்தான் விளையாடும், ஆனா பாடம் தனித்தனி. அதேதான் இங்கயும். காலையில நீங்க சிட்டுவ மட்டும் கூட்டிட்டு ஒரு நடை, அப்ப பட்டு சமையக்கட்டுல அம்மாகூட கடிக்க ஏதாவது ஒண்ண வச்சுக்கிட்டு இருக்கட்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே உங்க வீட்டுக்காரி பட்டுவ கூட்டிட்டுப் போகட்டும், சிட்டு உள்ள. அடுத்த நாள் ஆள மாத்திக்கோங்க, இல்லன்னா நீங்க சிட்டுவோட ஆளு, அவங்க பட்டுவோட ஆளுன்னு ஆயிடும், அது வேற பிரச்சனை. ஆனா ஒரேயடியாப் பிரிக்காதீங்க, ரூம்ல போட்டுப் பூட்டிட்டு கத்திக் கத்தி அடங்கட்டும்னு விடறது ரொம்பத் தப்பு, அது அடங்கறது பழகினதால இல்ல, சலிச்சுப் போய்தான். முதல்ல ஒரே ரூம்ல ரெண்டு மூலையில ரெண்டு சாக்கு, அப்புறம் நடுவுல ஒரு தட்டி, ஒண்ண ஒண்ணு பாத்துக்கலாம் ஆனா தொட முடியாது, அப்புறம் ஒரு நிமிஷம் கண்ணுக்கு மறைவா, அப்புறம் அஞ்சு நிமிஷம். கத்தறதுக்கு முன்னாடியே நீங்க திரும்பி வந்துடணும், அதுதான் இதுல சூட்சுமம். ராத்திரி தனித்தனியாப் படுக்கறத கடைசியா வச்சுக்கோங்க, இப்பதான் பனி ஆரம்பிக்குது, கட்டிப்புடிச்சுத் தூங்கற குட்டிங்கள முதல் நாளே பிரிச்சா குளுரும் சேந்து அழ வைக்கும். ஈரம் ஏறாத எடத்துல தடிச்ச சாக்குக்கு மேல கம்பளி போட்டுப் பழக்குங்க.

இந்தப் பழக்கம் எதுக்குன்னா, என்னைக்காவது ஒண்ணு ஆஸ்பத்திரியில தங்க வேண்டி வரும். எங்க தெருவுல ரெண்டு அண்ணந்தம்பி நாய்ங்க, ஒண்ணுக்கு ஆபரேஷன்னு ராத்திரி விட்டுட்டு வந்தாங்க, வீட்டுல இருந்தது சோறு தண்ணி தொடாம விடிய விடிய ஊளையிட்டுச்சு. ஏழு வயசு நாய். அதுக்குத் தனியா இருக்கறதுன்னா என்னன்னே அதுவரைக்கும் யாரும் காட்டல.

அப்புறம் பேரு. சிட்டு, பட்டு கேக்க ரொம்ப அழகாத்தான் இருக்கு, ஆனா குட்டிங்க காதுல ரெண்டுக்கும் முதல் எழுத்துதான் வித்தியாசம். யாராவது ஒருத்தி பேர மாத்திடுங்க, பட்டுவ கருப்பின்னோ ராணின்னோ கூப்பிடுங்க, நாலஞ்சு நாள் பேர் சொல்லி ஒரு துண்டு கோழி குடுத்தா அதுவே அவ பேரு. "வா"ங்கற சொல்லையும் மூணு பேரும் ஒண்ணாவே வச்சுக்கோங்க, ஒருத்தர் வா, ஒருத்தர் கம், ஒருத்தர் ச்சூ ச்சூன்னு கூப்பிட்டா பாவம் எதுக்குன்னு வரும். தனித்தனியா நல்லா வர ஆரம்பிச்சப்புறம், ரெண்டும் விளையாடிட்டு இருக்கறப்ப நடுவுல ஒருத்திய மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தா குடுத்துட்டு, திரும்பவும் விளையாடவே அனுப்பிடுங்க. உங்ககிட்ட வந்தா விளையாட்டு முடிஞ்சுருமோன்னு அதுக்கு நினைப்பு வரக்கூடாது. நம்ம ஊர்ல இது சாதாரண விஷயம் இல்ல தம்பி. தனி நாய் கரடியையோ காட்டெருமையையோ பாத்தா குரைச்சுட்டுப் பின்வாங்கலாம், ரெண்டு நாய் சேந்தா ஒண்ணு தைரியத்துல இன்னொண்ணு பாய்ஞ்சுரும், அப்புறம் துரத்தி வர்ற மிருகத்தை நேரா உங்ககிட்டயே கூட்டிட்டு வரும். தேயிலைக் காட்டுல கயிறு இல்லாம ரெண்டையும் சேத்து விடவே விடாதீங்க, இப்பவும் சரி, வளந்தப்புறமும் சரி.

தட்டுச் சண்டைக்கு நாளையில இருந்தே ரெண்டு தட்டு, ரெண்டு ரூம், கதவு சாத்தி. சாப்பிடறப்ப தட்டுல கை விட்டுப் பழக்கறேன்னு சிலர் பண்ணுவாங்க, வேணாம், அது உறுமலத்தான் வளக்கும். கிட்டப் போறப்ப தட்டுல ஒரு துண்டு கறி போட்டுட்டு நகந்துருங்க. பால்சாதம் மட்டும் வைக்கறீங்கன்னா முட்டையோ கோழியோ சேருங்க, வயித்தால போச்சுன்னா பால நிறுத்திப் பாருங்க. டிசம்பர்ல வீடு முழுக்க ஹோம்மேட் சாக்லேட் டப்பா கிடக்கும், அது நாய்க்கு விஷம், வெங்காயமும் அப்படித்தான், மேல எடுத்து வைங்க.

ஊசி பத்தி நீங்க எழுதவே இல்ல. மழையில விட்டுப் போயிருந்தா இந்த வாரமே போங்க. பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிங்க உயிரையே எடுக்கற ரெண்டு தொத்து வியாதிக்கும் போடறது மூணு நாலு வாரத்துக்கொரு தடவை, கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்னாடி முடிஞ்சுடக் கூடாது. வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துலயே போட்டிருக்கணும். டிஸ்டெம்பர் வீட்டு நாய்ங்ககிட்ட இருந்து காட்டுல செந்நாய்க்கும் போகும், நம்ம மாதிரி காட்டோரம் இருக்கறவங்களுக்கு அதுவும் ஒரு பொறுப்பு. பால்பல்லு விழற வயசு, கையக் கடிக்கும், ஊசி போடாத குட்டியோட பல்லு பட்டு லேசாக் கீறினாலும் சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு ஜிஎச்சுக்குப் போயிடுங்க. வெறிநாய்க்கடி வைத்தியத்துக்குன்னே ஆரம்பிச்ச பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல இருந்து குன்னூர்ல இருக்கற மாவட்டம் நம்மளது, இதுல அலட்சியம் பண்ணக் கூடாது.

ஊசிக்குப் போறப்பவே ரெண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எப்ப பண்ணலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆறு மாசத்துக்கு மேல எப்ப வேணா முதல் தடவை ஹீட் வரும், வாசல்ல ஆண் நாய்ங்க கூடும், ரெண்டும் சேந்து சினையானா அறுபத்து மூணு நாள்ல உங்க வீட்டுல பத்துப் பன்னண்டு குட்டி. அதோட, ஒரே வீட்டுப் பொட்ட நாய்ங்க ஒண்ணு ரெண்டு வயசுல நிஜமா அடிச்சுக்க ஆரம்பிச்சா ஆற வைக்கறது ரொம்பக் கஷ்டம், அதுக்குள்ள ஒவ்வொருத்தியும் உங்க சொல்லுக்குத் தனியா நிக்கப் பழகியிருக்கணும்.

இவ்வளவும் செஞ்சும் ரத்தம் வர்ற அளவுக்கு சண்டை வந்தா, இல்ல ஒருத்தி நாள் முழுக்கக் கட்டிலுக்கடியிலயே கிடந்தா, அப்ப மச்சான் சொன்னத யோசிக்கலாம், அதுல பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா சேட்டை பண்றாளேன்னு சிட்டுவக் குடுத்துடாதீங்க, அமைதியா வேற ஆளு கூட இருக்கற வீடு எந்தக் குட்டிக்கு அதிகம் தேவைன்னு பாத்து முடிவு பண்ணுங்க. சங்கிலியில கட்டிப் போடற வீட்டுக்கு மட்டும் ரெண்டுல எதையும் அனுப்பாதீங்க. பட்டு கேட்டுக்கு வெளிய கோழி வாங்கித் தின்னாளா இல்லையான்னு பாத்துட்டு எழுதுங்க, அதை வச்சுதான் அடுத்து என்னன்னு சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா