காது குத்துவது சிறப்பா, கண்டனமா?

கேள்வி: ஆறு ஆண்டு வேலை செய்த எபிரெய அடிமை, ஏழாம் ஆண்டில் விடுதலை வேண்டாம் என்று சொன்னால், கதவுநிலையருகே நிறுத்தி அவன் காதைக் கம்பியால் குத்த வேண்டும், பின்பு அவன் 'என்றைக்கும்' அடிமையாய் இருப்பான் என்று பைபிளின் யாத்திராகமம் 21இல் வாசித்தேன். பாம்படம் அணிந்த ஆச்சிகளையும் தாய்மாமன் மடியில் நடக்கும் காதுகுத்தையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது விசுவாசத்துக்குக் கிடைத்த சிறப்பாகத் தோன்றுகிறது. சரிதானா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நம் ஊர்க் காதுகுத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம், யூத ஆசிரியர்கள் அதைக் கண்டனமாகவே கொண்டார்கள். இஸ்ரவேலர் தமக்கே ஊழியர் என்று கடவுள் சொன்னதைச் சீனாய் மலையில் கேட்ட காது, வேறொரு எஜமானைத் தேடிக்கொண்டதால் அந்தக் காதே குத்தப்படுகிறது என்று யூத ஆசிரியர் யோகனான் பென் சக்காய் விளக்கியதை, யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முத் பதிவு செய்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் மீண்ட இரவில், ஆட்டின் இரத்தம் பூசப்பட்டுச் சாட்சியாய் நின்றது கதவுநிலை என்பதால் இடமும் அதுவே ஆயிற்று. 'என்றைக்கும்' என்ற சொல்லுக்கும் அவர்கள் அடிமைகள் விடுதலையாகும் ஐம்பதாம் ஆண்டான யூபிலி வரை என்றே பொருள் கொண்டார்கள்.

திருடியதை ஈடுகட்ட முடியாதவனும், வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவனுமே இப்படி அடிமையானார்கள். எஜமான் நல்ல ரொட்டியைத் தின்று அவனுக்கு மட்டமானதைக் கொடுப்பதும், தான் மெத்தையில் படுத்து அவனை வைக்கோலில் கிடத்துவதும் கூடாது என்றார்கள் அந்த ஆசிரியர்கள். ஆகவே எபிரெய அடிமையை வாங்குகிறவன் தனக்கொரு எஜமானை வாங்குகிறான் என்றே சொல் வழங்கியது. இந்த இரக்கம் புறஜாதி அடிமைகளுக்கு நீளவில்லை என்பது, லேவியராகமம் 25ஐ வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

காதைவிட நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது உபாகமம் 15. விடுதலையாகிறவனை வெறுங்கையாய் அனுப்பாமல், மந்தையிலும் களத்திலும் திராட்சை ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடுத்தனுப்பச் சொல்கிறது அது. தாமிரபரணிப் பாசன வயல்களில் களத்துமேட்டு நெல் கடனுக்கே அளந்து போவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்: விதைநெல்லும் இல்லாமல் வெளியேறுகிறவன், அடுத்த விதைப்புக்கு முன்பே அதே வாசலில் கடன் கேட்டு நிற்பான். 'தாராளம்' என்பதை எஜமானின் மனம்போல் விட்டுவிடாமல் ஆசிரியர்கள் தொகையாகவே பேசினார்கள். 15 சேலா வெள்ளிக்காசு என்றார் மெயிர், 30 என்றார் யூதா, சிமியோன் 50 கேட்டார்.