இரும்பு முகப்புக்குள் ஒரு லாஃப்ட்

கேள்வி: நியூயார்க் சோஹோவில், வடிவமைப்பாளர் புதுப்பித்த சொகுசு லாஃப்ட் வீடு (பழைய தொழிற்கூடத் தளத்தை வீடாக்கியது) ஒன்று விலைக்கு வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பளிங்குச் சமையலறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் குடியிருப்புச் சான்றிதழைப் படியுங்கள்; கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகர நிர்வாகம் தரும் ஆவணம் அது. அதில் ‘கலைஞர் வசித்துத் தொழில் செய்யும் இடம்’ என்றிருந்தால், கலைஞரல்லாதவர் அங்கே வசிப்பது சட்டச் சிக்கலாகலாம்; வழக்கறிஞரைக் கேட்காமல் முன்பணம் தராதீர்கள்.

1973 முதல் சோஹோவின் இரும்பு முகப்புக் கட்டடப் பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி. முகப்பு ஜன்னலை மாற்றக்கூட மரபுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய உரிமையாளர் அனுமதியின்றி மாற்றியிருந்தால், அது உங்கள் தலையில்தான் விழும்.

முகப்புத் தூணில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாத இடத்தில் ஃபைபர் கிளாஸோ அலுமினியமோ வைத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். பெயிண்ட் கொப்பளித்து, இணைப்புகளில் துருநீர் வடிந்த தடம் இருந்தால், உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தச் செலவு எல்லா உரிமையாளருக்கும் பங்காக வரும்.

பல கட்டடங்களில் தளம் மர உத்தரங்கள் மேல்தான். மேல்வீட்டு நடைச்சத்தம் இறங்கும். ஆட்கள் வீட்டிலிருக்கும் மாலை வேளையில் ஒருமுறை போய் நின்று கேளுங்கள்.