டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் வரும் சிரமம்) உள்ள பிள்ளைக்கு வீடியோ கேம் வாசிக்கக் கற்றுத்தருமா?

தானாகக் கற்றுத்தராது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் உதவும். பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராபோகேம் என்ற வாசிப்புப் பயிற்சி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ஒரு ஒலி கேட்கும். திரையில் எழுத்துகள் மேலிருந்து விழும். அந்த ஒலிக்குரிய எழுத்தைப் பிள்ளை தொட வேண்டும். தடுமாறும் எழுத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும், அதுவும் முகம் சுளிக்காமல் (நம்மால் முடிகிற காரியமா?). டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்கலே ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் என்பதால், பயிற்சி சரியான இடத்தைத் தொடுகிறது.

ஆனால் இந்த கேமைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சொல் வாசிப்பில் சராசரியாகப் பலன் தெரியவில்லை. பெரியவர்கள் கூடவே இருந்து ஈடுபட்ட இடங்களில்தான் முன்னேற்றம் இருந்தது. அதனால் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். கேமில் வந்த சொல்லை அப்புறம் தாளிலும் வாசிக்கச் சொல்லுங்கள். சிறப்பு ஆசிரியரிடம் போகிறான் என்றால், அதை நிறுத்த வேண்டாம்.