பீரோவில் பூட்டிய ஃபோன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. போன வருடம் வரை மகள் ஓயாமல் பேசுவாள். இப்போது பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வைகாசியில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது, வரவே மாட்டேன் என்று வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். "என் மூஞ்சி நல்லா இல்ல, ஃபில்டர் இல்லாம எடுக்காதீங்க" என்கிறாள். இரவு ஒன்றரை மணி வரை போர்வைக்குள் வெளிச்சம்.

இரண்டு வாரத்துக்கு முன் அவளுக்கு இன்ஸ்டாகிராமில் இன்னொரு கணக்கு இருப்பது தெரிந்தது. எங்களுக்குக் காட்டும் கணக்கில் கோலமும் பூனையும். மற்றதில் அவளும் 11 தோழிகளும் மட்டும். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் நள்ளிரவு 1.40க்கு, அழுத முகத்தோடு ஒரு படம் போட்டு "யாராச்சும் முழிச்சிருக்கீங்களா" என்று எழுதியிருக்கிறாள். அவள் அப்பா ஃபோனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். 12 நாள் ஆகிறது. எங்களோடு பேசுவதில்லை, சோறும் சரியாக இறங்குவதில்லை. ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் தடை போட்டால்தான் நிம்மதி என்கிறார் அவர். மகன் கேம் விளையாடுவதோடு சரி, அவனைப் பற்றிக் கவலையில்லை. நாங்கள் செய்தது சரியா? இவள் இப்படி ஆனதற்கு அந்த ஃபோன்தான் காரணமா?

ம.,
கரூர்

அன்புள்ள ம.,

ஃபோனைப் பற்றிப் பிறகு பேசுவோம். பேச்சு, சாப்பாடு, தூக்கம் மூன்றும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரமாகக் குறைந்திருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஃபோன் போன கோபமாகவே இருந்தாலும் காட்டுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் நீங்கள் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மெண்டல் டாக்டரிடமா கூட்டிப்போகிறாய் என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவளிடம் நேராகவே "சாகணும்னு எப்பவாச்சும் தோணுதா கண்ணு" என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோருக்கும் பயம். அப்படி ஆவதில்லை என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. ஃபோன்தான் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். 2019ல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் திரைகளின் பங்கு அதிகம் போனால் 0.4 சதவீதம் என்று சொன்னார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு அந்தத் தரவில் தெரிந்தது. இதைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. பிறகு யோசித்தேன். மாவட்டத்தின் சராசரி மழை இத்தனை மில்லிமீட்டர் என்று பேப்பரில் போடுகிறார்கள். குளித்தலையில் கொட்டியிருக்கும், அரவக்குறிச்சியில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. அரவக்குறிச்சிக்காரர் அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு என்ன விதைப்பார்?

லண்டனின் ஹாரோ பகுதியில் மாலி ரஸ்ஸல் என்று ஒரு பெண் இருந்தாள். உங்கள் மகள் வயதுதான், 14. 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இதை உங்களுக்கு எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, அவள் மரணம் பற்றிய விசாரணையில் தெரியவந்த ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் விரும்பியும் பகிர்ந்தும் சேமித்தும் வைத்த பதிவுகள் சுமார் 16,300. அதில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை பற்றியவை. எல்லாவற்றையும் அவள் தேடிப்போய் எடுத்ததில்லை, பலவற்றைக் கணினியே கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறது. சோகமான ஒரு பதிவில் விரல் கொஞ்சம் நின்றால் அதற்குக் கணக்கு உண்டு. இவளுக்கு இது பிடிக்கிறது, இன்னும் நாலு கொடு என்று. 2022ல் மரண விசாரணை அதிகாரி தன் முடிவில் மனச்சோர்வோடு சேர்த்து, இணையத்தில் அவள் பார்த்தவற்றின் தீய விளைவுகளையும் எழுதினார். சராசரிக்குள் அடங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் நான் சொல்லவருவது. ஏற்கெனவே வாடியிருக்கும் பிள்ளைக்கு இந்த இயந்திரம் வேறு மாதிரி வேலை செய்கிறது.

மூஞ்சி நல்லா இல்ல என்கிறாளே, அதற்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக் கம்பெனியுடையதுதான். அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி 2021ல் அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று கம்பெனியின் சொந்த ஆய்விலேயே சொல்லியிருந்தார்கள். வேறு பல விஷயங்களில் நல்லதும் நடக்கிறது என்று அதே ஆய்வில் இருப்பதாகக் கம்பெனி பதில் சொன்னது. அதுவும் பொய்யில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2004ல் தொடங்கியபோது ஃபேஸ்புக் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துவிட்டார்கள். பொருளியலாளர்கள் மூன்று பேர் பின்னாளில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபேஸ்புக் வந்துசேர்ந்த கல்லூரியையும் இன்னும் வராத கல்லூரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வந்த இடத்தில் மாணவர்களின் மனநலம் சரிந்திருக்கிறது. அன்றைக்கு ரீல்ஸ் கிடையாது, ஃபில்டர் கிடையாது, கையடக்க ஃபோனில்கூட இல்லை. மேசைக் கணினியில் தெரிந்தவர்களின் படங்கள், அவ்வளவுதான். மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியமான வழி என்பது அவர்கள் கண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நம் வீட்டுப் பெண்களுக்கு இன்ஸ்டாகிராம் வந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு சித்தி இருந்தார். பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னடி இப்படிக் கறுத்துப்போயிட்ட" என்பார். கடலைமாவு, தயிர், வெயிலில் போகாதே. நான் அடுத்த ஒரு வாரம் கண்ணாடி பார்க்கமாட்டேன். பிறகு மறந்துவிடும், சித்தி ஊருக்குப் போய்விட்டாரே. உங்கள் மகளின் சித்தி ஊருக்குப் போவதே இல்லை. ஃபில்டரைத் தட்டினால் தோல் வெளுக்கிறது, மூக்கு ஒடுங்குகிறது, கண் பெரிதாகிறது. எடுத்தால் அவள் முகம் திரும்பிவருகிறது. ஒரு ராத்திரியில் எத்தனை முறை தட்டியிருப்பாள்? வேனுக்குள் போய் உட்கார்ந்தவளைத் திட்டாதீர்கள். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கோபப்படக்கூடாது: அவள் நிறத்தைப் பற்றி உங்கள் வீட்டில் யாருமே பேசியதில்லையா? காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்?

இப்போது அந்த இரண்டாவது கணக்கு. உங்கள் கடிதத்தில் அதைக் களவைக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது திண்ணையாகத் தெரிகிறது. உங்கள் மகனுக்குப் பதினான்கு ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போவான், ஆறரைக்கு வருவான், எங்கே போனாய் என்று யாரும் கேட்கமாட்டீர்கள். அவள் பெரியவளான பிறகு எங்கெல்லாம் போகிறாள்? பள்ளி வேன், டியூஷன், வீடு. தோழியின் வீடு நாலு தெரு தள்ளியிருந்தாலும் அப்பாவோ நீங்களோ கொண்டுபோய் விடவேண்டும். நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாததைப் பேசிச் சிரிக்க இந்த ஊரில் அவர்களுக்கு என்று ஓர் இடம் இருக்கிறதா? அந்த 11 பேர்தான் அவளுக்கு மிச்சமிருந்த தெரு. பீரோவில் பூட்டியது அதையும் சேர்த்துத்தான்.

அங்கேயும் உரசல் இல்லாமலில்லை. என் அக்கா பேத்தி சொன்னாள், "அவ சீன் பண்ணிட்டு ரிப்ளை போடல." நான் சினிமா சீன் என்று நினைத்துக்கொண்டு, யார் என்ன சீன் போட்டார்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டாள், பதில் போடவில்லை என்று அர்த்தமாம். எங்கள் காலத்தில் ஒருத்தி முகம் திருப்பிக்கொண்டால் மறுநாள் இண்டர்வெல்லில் தெரியும். இதில் அந்த நிமிடமே தெரிகிறது, ராத்திரி முழுக்க தெரிந்துகொண்டே இருக்கிறது.

ராத்திரி என்றதும் நினைவு வருகிறது. தூர்தர்ஷனில் ஒரு நேரத்துக்கு மேல் நிகழ்ச்சிகள் நிறைவடைந்தன என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தள்ளத் தள்ள முடிவே வராத பக்கத்தை 2006ல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தியவர். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். பத்து மணிக்குத் தூக்கம் வராது, ஆனால் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் ஊரில் பள்ளி வேன் ஏழு, ஏழேகாலுக்கு வரும் என்று நினைக்கிறேன். ஒன்றரைக்குப் படுப்பவளுக்கு என்ன மிஞ்சும்? ஃபோனால் வருகிற கேட்டில் பாதி, தூக்கத்தைத் தின்பதால் வருவது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே நீங்கள் பிடிவாதம் பிடிக்கவேண்டிய ஒரே இடம் அதுதான். ஒன்பதரைக்கு எல்லா ஃபோனும் ஹாலில் சார்ஜில். எல்லா ஃபோனும் என்றால் அவள் அப்பாவுடையதும்தான்.

தடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. மீறினால் அபராதம் கம்பெனிக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. நம் நாட்டில் 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் அம்மாவுக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதே பிள்ளைகள்தானே, சம்மதத்தையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் திறந்தது. உங்கள் வீட்டுக்காரர் தடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மகனைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன அதே ஆர்பன் 2022ல் இன்னும் சிலரோடு சேர்ந்து பிரிட்டன் தரவுகளைப் பார்த்தார். சமூக ஊடகத்தில் கூடுதலாகப் புழங்கினால் ஒரு வருடம் கழித்து வாழ்க்கையில் திருப்தி குறைவது பெண்களிடம் 11 முதல் 13 வயதில் தெரிந்தது, ஆண் பிள்ளைகளிடம் 14, 15ல். அவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அழாத பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஃபோனைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது அவளோடு உட்கார்ந்து, கணக்கில் எந்த வருடம் பிறந்ததாகப் போட்டிருக்கிறாள் என்று பாருங்கள். 2003 என்று போட்டிருந்தால் பதின்வயதினருக்கு என்று இருக்கும் கட்டுப்பாடுகள், இரவு அமைதி உட்பட, எதுவும் அவளுக்கு வேலை செய்யாது. இன்ஸ்டாகிராம் காட்டும் பரிந்துரைகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதை அவளையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள். 11 பேர் கணக்குக்குள் இனி போகமாட்டோம் என்று சொல்லுங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி, பஜ்ஜி போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

பீரோ சாவி அவள் அப்பாவிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரே எடுத்துக் கொடுக்கட்டும், அறிவுரை எதுவும் சொல்லாமல். காதுகுத்துப் படம் வந்திருந்தால் இப்போதைக்கு ஹாலில் மாட்டவேண்டாம். 1.40க்கு அவள் கேட்டதற்கு அந்த 11 பேரில் யாராவது பதில் போட்டிருந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், அந்தப் பெண் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.